வெளியில கால் வச்சியா?

கிழக்குத் தாம்பரம் லாசரஸ் நினைவுக் கல்லூரியில் ஃபுட்பால் ஆட ஆசைப்படுகிறவன் முதலில் தன் பூட்ஸைக் கொண்டுபோய் ஏசுபாதம் சாரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகஸ்டில் பயிற்சி தொடங்கும் முதல் நாளே அவருடைய அறையிலிருக்கும் பச்சை இரும்பு பீரோவுக்குள் பதினாறு ஜோடி பூட்ஸும் போய் உட்கார்ந்துவிடும். சாவி அவர் பேன்ட் பாக்கெட்டில். பயிற்சிக்கும் மேட்சுக்கும் மட்டும்தான் பீரோ திறக்கும். ஆட்டம் முடிந்ததும் மண்ணைத் தட்டி, நாடாவைச் சுருட்டி, திரும்ப உள்ளே வைத்துவிட்டுத்தான் பையன்கள் ரயிலைப் பிடிக்க ஓடலாம். சொந்தக் காசில் வாங்கின பூட்ஸ் ஆயிற்றே என்று எவனாவது முனகினால், அப்படியானால் சொந்தமாக ஒரு டீமும் வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

காரணம் இல்லாமல் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், அசரியா என்று ஒரு ஹாஃப் பேக், தை மாதத்தில் யாரோ கூப்பிட்டார்கள் என்று செவன்ஸ் ஆடப் போனான். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர், அறுவடை முடிந்த வயல், முழங்கால் உயரத்துக்குப் புழுதி, ரெஃப்ரி என்று ஒருவர் பேருக்கு நிற்பார். அங்கே அசரியாவின் கால் எலும்பு இரண்டாக முறிந்தது. இப்போது அதே கல்லூரியின் நூலகத்தில் அட்டெண்டராக இருக்கிறார். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து தினமும் இரண்டு வேளை மைதானத்தைத் தாண்டிப் போவார். ஏசுபாதம் அதை இருபத்தாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதனால்தான் பீரோ. அது போதாதென்று ஒரு கேள்வியும் உண்டு. ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் ஒவ்வொருவன் கையிலும் அவனவன் பூட்ஸைக் கொடுத்து, கண்ணைப் பார்த்துக் கேட்பார்: "வெளியில கால் வச்சியா?" இல்ல சார் என்று பதில் வந்தால்தான் பூட்ஸை விடுவார். வெளியில் ஆடினவனுக்கு அந்த சீசன் அத்தோடு சரி. இதில் பிரின்சிபால் மகனுக்கும் சலுகை கிடையாது.

1988-ல் தொடங்கியது அவருடைய இருபத்தொன்பதாவது சீசன், கடைசி சீசனும் கூட. மே மாதம் ஓய்வு. மூன்று தடவை கல்லூரிகளுக்கிடையேயான மண்டலக் கோப்பையின் ஃபைனல் வரை போய், மூன்று தடவையும் வெறுங்கையோடு திரும்பியவர் அவர். ஊரே அதைச் சொல்லிக் காட்டிவிட்டு ஓய்ந்திருந்தது. இந்த வருஷ டீமைப் பார்த்தபோது மட்டும் அவருக்கு உள்ளுக்குள் ஒரு நப்பாசை தட்டியது.

காரணம் ஜெயவேலு. அனகாபுத்தூரில் தறி போடுகிற வீட்டுப் பையன், காப்டன், சென்டர் ஃபார்வர்டு. பந்து அவன் காலுக்கு வந்தால் எதிர் டீமின் பேக்குகள் பாவம், வழி விசாரிக்கிறவர்கள் மாதிரி அங்குமிங்கும் பார்ப்பார்கள். கோல்கீப்பர் தாவீது. நெட்டைக் கொக்கு, சோம்பேறி, ஆனால் பெனால்டி என்றால் பேய். ரைட் அவுட்டில் சவுரிமுத்து. இவர்கள் மூவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற கூட்டாளிகள், மற்றவர்கள் இவர்களைச் சுற்றி நின்றார்கள்.

முதல் மேட்ச் மூன்றுக்கு சைபர். இரண்டாவதில் முதல் பாதியில் தூங்கினார்கள், இடைவேளையில் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள், இரண்டாம் பாதியில் நாலு கோல் போட்டார்கள். நவம்பர் மழையில் மைதானம் குளமாகி காலிறுதி இரண்டு தடவை தள்ளிப்போனது. கடைசியில் சேற்றில் உருண்டு ஒன்றுக்கு சைபர் என்று தப்பித்தார்கள். அரையிறுதியில் தாவீது இரண்டு பெனால்டியைப் பிடித்தான். ஃபைனல் ஜனவரி இருபத்தொன்று, சனிக்கிழமை. இடம் இவர்கள் மைதானமே. ரயில்வே டீமுக்கு ஆள் எடுக்கிறவர் ஒருவர் ஜெயவேலுவைப் பார்க்க வருகிறார் என்று கடிதமும் வந்துவிட்டது. ஜெயவேலுவின் அப்பா கல்லூரிக்கே வந்து ஏசுபாதத்தின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வேதாசலம் வந்தார்.

தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஆப்பிள், மடித்த வேட்டி. பின்னால் நாலு பேர். முடிச்சூரில் விவசாயக் குடும்பம் அவர்களுடையது. நிலத்தையெல்லாம் மனைகளாகப் பிரித்து விற்று இப்போது நல்ல வசதி. ஊர் இளைஞர் விளையாட்டு மன்றத்துக்குத் தலைவர். காணும் பொங்கல் அன்று செவன்ஸ் போட்டி, சார்தான் சீஃப் கெஸ்டாக வந்து பரிசு கொடுக்க வேண்டும் என்றார். செவன்ஸுக்கா, நானா என்று ஏசுபாதம் சிரித்து மழுப்பப் பார்த்தார். வேதாசலம் விடவில்லை. எல்லாம் வெளியாட்கள்தான், கல்லூரிப் பையன் ஒருத்தனைக்கூட சேர்க்கக் கூடாது என்று நோட்டீஸிலேயே போட்டிருக்கிறோம், உங்கள் சட்டம்தான் எங்கள் சட்டமும் என்றார்.

ஏசுபாதத்தால் மறுக்க முடியவில்லை. வேதாசலம் கேட்டு அவர் எப்படி மறுப்பார்?

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், எழுபத்து நாலில், இதே வேதாசலம்தான் காப்டன். அவரைப் போல ஒரு ஸ்டாப்பர் பேக் அந்தக் கல்லூரிக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை. அப்போதும் தை மாதம், அப்போதும் ஃபைனல், அப்போதும் ரயில்வேயிலிருந்து ஆள் வந்திருந்தார். பூட்ஸ் கொடுக்கும்போது வழக்கம்போலக் கேள்வி. எல்லாரும் இல்ல சார் என்றார்கள். வேதாசலம் மட்டும், "வச்சேன் சார். ஊர் மேட்ச், அப்பா சொன்னாரு, தட்ட முடியல" என்றான். பொய் சொல்லியிருந்தால் ஒரு குருவிக்கும் தெரிந்திருக்காது. ஏசுபாதம் நீட்டிய பூட்ஸைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டார்.

அந்த ஃபைனலில் இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கினார்கள். வேதாசலம் கோட்டுக்கு வெளியே வாளித் தண்ணீரும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். மாற்று ஆட்கள் பட்டியலில் அவன் பெயர் இருக்கத்தான் செய்தது. இறக்கிவிட ஒரு வார்த்தை போதும். தப்புப் பண்ணிவிட்டோம், உண்மை சொன்னவனைத் தண்டித்துவிட்டோம் என்று அந்த இடைவேளையிலேயே ஏசுபாதத்துக்குத் தெரிந்துவிட்டது. எல்லாப் பையன்களும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நாக்கு எழவில்லை. வீம்பு, வேறென்ன! மூன்றுக்கு சைபர் என்று தோற்றார்கள். ரயில்வேக்காரர் வேறொரு பையனை எழுதிக்கொண்டு போனார். வேதாசலம் பி.ஏ. முடித்துவிட்டு வயலுக்குத் திரும்பினான். அதற்கப்புறம் பந்தையே தொடவில்லை என்று கேள்வி. இந்த விஷயத்தை ஏசுபாதம் தன் மனைவி ஞானம்மாளிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

காணும் பொங்கல் அன்று முடிச்சூர் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. மனைக்கல் நட்டிருந்த இடங்களை ஒதுக்கிவிட்டுக் கோடு போட்டிருந்தார்கள். ஷாமியானா, ஸ்பீக்கர், கரும்பு, ஐஸ் வண்டி. முதல் பரிசு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் சீஃப் கெஸ்ட் ஆட்டக்காரர்களோடு கை குலுக்க வேண்டும் என்று மாலையும் கழுத்துமாக அவரை அழைத்துப் போனார்கள். முதல் வரிசை முடிச்சூர் பையன்கள். அடுத்த வரிசை அனகாபுத்தூர்.

அதில் மூன்றாவதாக நின்றது ஜெயவேலு.

ஏசுபாதத்தின் கை நீட்டியபடியே நின்றது. பையனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை. பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு வந்த மன்றத்துக்காரர், "பேர் சொல்லுப்பா" என்றார்.

"குப்பன்" என்றான் ஜெயவேலு.

அடுத்தவன் தாவீது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சில் பாட்டுப் பாடுகிறவன், துளிக்கூடக் கூசாமல், "சம்பந்தம்" என்றான். சவுரிமுத்துவுக்கு அவசரத்தில் ஒரு பெயரும் தோன்றவில்லை. அவனும் குப்பன் என்றே சொல்லி வைத்தான். ஊரில் இரண்டு குப்பன் இருக்கக் கூடாதா என்ன என்று மன்றத்துக்காரர் எழுதிக்கொண்டார். ஏசுபாதம் ஒவ்வொருவன் கையையும் பிடித்துக் குலுக்கி, முன்பின் பார்த்திராதவரைப் போல ஆல் தி பெஸ்ட் சொல்லிவிட்டு நகர்ந்தார். மூவர் காலிலும் பூட்ஸ் இல்லை. பூட்ஸ்தான் பீரோவில் இருக்கிறதே.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. வேதாசலம் மைக்கைப் பிடித்தார். எழுபத்து நாலில் நான் ஒரு தப்புப் பண்ணினேன், பெரிய தப்பு, சார் என்னை நிறுத்தினார், அவர் செய்ததுதான் சரி, அந்தக் கண்டிப்பைக் கற்றுக்கொண்டதால்தான் இன்றைக்கு நாலு பேர் மதிக்க வாழ்கிறேன், ஆளுக்குத் தகுந்த மாதிரி சட்டத்தை வளைக்காத ஒரே மனுஷன் இவர்தான் என்று ஊர் கேட்கச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. இரண்டு குப்பன்களும் சம்பந்தமும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஏசுபாதத்துக்கு மாலை கழுத்தை அறுத்தது.

அனகாபுத்தூர் ஜெயித்தது. இரண்டு கோலும் ஜெயவேலு. தன் பையன்கள் மூவருக்கும் தன் கையாலேயே குடம் எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

சாப்பாடு இறங்கவில்லை. ஞானம்மாள் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். நிறுத்தினால் ஃபைனல் போச்சு, ஜெயவேலுவுக்கு வேலையும் போச்சு. அந்தப் பையனின் அப்பா முகத்தில் எப்படி முழிப்பது? நிறுத்தாமல் விட்டால் வேதாசலத்துக்கு ஒரு நியாயம், இவர்களுக்கு ஒரு நியாயமா? அந்த மனுஷன் இந்தச் சட்டத்தைச் சாமி மாதிரி கும்பிட்டுக்கொண்டிருக்கிறானே. இப்படியே புலம்பினார். செலையூர் ஆரம்பப் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்த ஞானம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பசங்களை விளையாட விடுங்க. ஆனா வேதாசலத்துகிட்ட நீங்க அன்னிக்குப் பண்ணது தப்புன்னு சொல்லிடுங்க. ரெண்டுல ஒண்ணை மட்டும் பண்ணாதீங்க."

சொல்வது லேசு. நாலு நாளும் அவர் முடிச்சூர் பஸ் நிற்கிற இடம் வரை போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நாள் பஸ்ஸில் ஏறிக்கூட உட்கார்ந்தார். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது, ரயில் போகக் காத்திருந்தார்கள், அவர் இறங்கி நடந்து வந்துவிட்டார். பயிற்சியில் மூன்று பையன்களும் அவர் கண்ணில் படாமல் மற்றவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடினார்கள். அவரும் அவர்களைக் கூப்பிடவில்லை. வெறுங்காலோடு ஆடினது கணக்கில் வராது என்று தாவீது மற்ற இருவருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் மைதானம் நிரம்பிவிட்டது. ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அதை இப்போதே சொல்லிவிடலாம். ஜெயித்தார்கள், இரண்டுக்கு ஒன்று. ஜெயவேலு இரண்டையும் போட்டான், ரயில்வேக்காரர் அவனுடைய விலாசத்தை எழுதிக்கொண்டார். இருபத்தொன்பது வருஷம் கழித்துக் கோப்பை வந்தது. ஆனால் ஏசுபாதத்தின் ஆட்டம் மேட்ச் தொடங்குவதற்கு முன்னாலேயே அவருடைய சின்ன அறையில் முடிந்துவிட்டது.

அவர் பீரோவைத் திறந்துகொண்டிருந்தபோது வேதாசலம் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த அறைக்கு வருகிறார். பசங்களுக்குக் கொடுங்கள் சார் என்று பையை மேசையில் வைத்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். போகச் சொல்ல ஏசுபாதத்துக்கு வாய் வரவில்லை. பையன்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

முதல் பையனுக்குப் பூட்ஸைக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவன் இல்ல சார் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டு, கேள்வியே வரவில்லையே என்று விழித்துக்கொண்டு நின்றான். நகரு என்று தலையை ஆட்டினார். இரண்டாவது பையன், மூன்றாவது பையன். ஜெயவேலு வந்தான். பூட்ஸை நீட்டினார். அவன் வாங்கவில்லை, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றான்.

"சார், நான் வந்து..."

"உன்னை ஒண்ணும் கேக்கலையேப்பா. போய் விளையாடு" என்றார் ஏசுபாதம்.

தாவீதும் சவுரிமுத்துவும் குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். பீரோ காலியானது. வேதாசலம் மெதுவாக முன்னால் வந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ஏசுபாதத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும். குழப்பம்தான் இருந்தது.

"அந்த மூணு பசங்க நம்ம மேட்ச்ல ஆடினவங்க சார். குடம் வாங்கினாங்களே."

"ஆமா."

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

"தெரியும்."

"அப்ப இன்னா சார் இது? கேள்வியே கேக்காம குடுத்துட்டீங்க?"

ஏசுபாதம் சாவியை மேசையில் வைத்தார். வெளியே அவர் பையன்களைப் பார்த்துக் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"கேட்டா அவங்க உண்மையைச் சொல்லிடுவாங்க, வேதாசலம். உண்மை சொன்னவனை நான் ஒரு தடவை நிறுத்தினேன். அது தப்பு. சட்டம் சரி, நான் உனக்குச் செஞ்சது தப்பு. உன்னை இறக்கியிருக்கணும்."

வேதாசலம் அந்தக் காலி பீரோவின் கதவைத் தள்ளி மூடினார். பிறகு, இது எப்போது சாருக்குத் தோன்றியது, முந்தாநாளா, நேற்றா என்று கேட்டார்.

பொய் சொல்லிவிடலாம்தான். நேற்று என்று சொன்னால் இருவருக்குமே கௌரவமாக இருந்திருக்கும்.

"அன்னிக்கே" என்றார் ஏசுபாதம். "ஹாஃப் டைம்ல. நீ தண்ணி வாளியோட ஓடிட்டிருந்தே."

ரெஃப்ரி வெளியே விசில் ஊதினார். கோச்சைக் காணோமே என்று யாரோ தேடுகிற குரல் கேட்டது. வேதாசலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

"எங்கப்பா உங்களத் திட்டினாரு சார், உன் வாத்தியார் உன் வயித்துல அடிச்சிட்டான்னு. நான் வுடல. சார் பண்ணதுதான் கரெக்ட்டு, நீ என்னை ஆடச் சொன்னதுதான் தப்புன்னு அவரான்ட சண்டை போட்டேன். அன்னிக்குப் பேச்ச நிறுத்தினவருதான். ஒம்போது வருசம் ஒரே வூட்ல இருந்தும் என்னோட பேசாமலே செத்துப் போனாரு."